பறிக்கப்பட்ட உரிமம் திரும்புவது எப்போது?

- நமது நாடாளுமன்ற நிருபர் -

புதுதில்லி: மோட்டார் வாகனச் சட்டத்தின் 206-வது பிரிவில் இரண்டு வகையான ஒப்புகைச் சீட்டுகள் உள்ளன. இரண்டையும் தருபவர் காவல் துறை அதிகாரி. ஓட்டுநரிடமிருந்து உரிமத்தை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியாக அவை தரப்படுகின்றன. முதல் வகைச் சீட்டு 1988-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மூலச் சட்டத்திலேயே இருப்பது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உரிமம் திரும்பி வரும் வரையோ சீட்டில் குறிப்பிட்ட தேதி வரையோ, எது முன்னதோ அதுவரை வாகனம் ஓட்டலாம். இரண்டாவது வகை, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்தது. அந்தச் சீட்டைப் பெற்றவர், உரிமம் திரும்பி வரும் வரை வாகனத்தைத் தொடக் கூடாது.

சொந்த வேலைக்காக மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு இதனால் சில வாரங்கள் பேருந்துப் பயணம்தான் கூடுதல் சிரமம். வாடகைக் காரோ, ஆட்டோவோ, லாரியோ ஓட்டிப் பிழைப்பவருக்கு, சீட்டு கைக்கு வந்த நாளிலேயே வருமானம் நின்றுபோகிறது. அவர் தவறு செய்தாரா, இல்லையா என்ற விசாரணை அதன் பிறகுதான் நடைபெறுகிறது. எத்தனை நாள்களுக்குள் அது நடைபெற வேண்டும் என்று அந்தப் பிரிவில் எதுவும் கூறப்படவில்லை.

அபராதமே பேசப்பட்டது

இந்தத் திருத்தம் நாடாளுமன்றத்தைக் கடந்து வர மூன்றாண்டுகள் ஆயின. 2016 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்ட மசோதா, நிலைக்குழுவின் பரிசீலனைக்குப் பின் 2017 ஏப்ரலில் அங்கு நிறைவேறியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. அதே ஆண்டு டிசம்பரில் குழுவின் அறிக்கை வந்தபோதிலும், அவையின் ஒப்புதலைப் பெறாமலேயே 16-வது மக்களவையின் பதவிக்காலத்துடன் மசோதா காலாவதியானது.

2019 தேர்தலுக்குப் பிறகு புதிய மசோதா ஜூலை 15-ஆம் தேதி அறிமுகமாகி, 23-ஆம் தேதி மக்களவையிலும், 31-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆதரவாக 108 வாக்குகளும், எதிராக 13 வாக்குகளும் பதிவாயின. அங்கு செய்யப்பட்ட திருத்தங்களுக்காக மசோதா மீண்டும் மக்களவைக்கு வந்து, ஆகஸ்ட் 5-ஆம் தேதி இறுதி ஒப்புதல் பெற்றது. அன்று நாட்டின் கண்கள் அனைத்தும் ஜம்மு-காஷ்மீர் தொடர்பான தீர்மானம் தாக்கலான மாநிலங்களவையின் மீதே இருந்தன. மோட்டார் வாகன மசோதாவை யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆகஸ்ட் 9-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

செப்டம்பர் 1-ஆம் தேதி புதிய தண்டனைகள் நடைமுறைக்கு வந்தபோதுதான் கூக்குரல் எழுந்தது. தலைக்கவசம் இல்லாவிட்டால் 100 ரூபாயாக இருந்த அபராதம் 1,000 ரூபாயானது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 500 ரூபாய் என்பது 5,000 ரூபாயாகவும், குடித்துவிட்டு ஓட்டினால் 2,000 ரூபாய் என்பது 10,000 ரூபாயாகவும் உயர்ந்தன. குஜராத் அரசு பத்தே நாள்களில் பல அபராதங்களைக் குறைத்து அறிவித்தது. மேற்கு வங்க அரசு, புதிய அபராதங்களை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்றது. தொலைக்காட்சி விவாதங்களும் தலையங்கங்களும் தொகையைச் சுற்றியே வந்தன.

மாநிலங்கள் குறைத்தவை எல்லாம் அபராதத் தொகைகளே. நீதிமன்றத்துக்குச் செல்லாமல் அபராதத்தைக் கட்டி முடித்துக்கொள்வதற்கு 200-வது பிரிவு வழி செய்கிறது. அந்தத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசுகளிடம் உள்ளது. ஆனால், அதே பிரிவில் 2019-இல் சேர்க்கப்பட்ட இரண்டு நிபந்தனைகள் போதிய கவனத்தைப் பெறவில்லை. ஒன்று, அபராதம் கட்டி முடித்துக்கொண்டாலும், அது முதல் குற்றமாகவே கணக்கில் வைக்கப்படும். அடுத்த முறை பிடிபட்டால் இரண்டாவது குற்றத்துக்குரிய தண்டனை பாயும். மற்றொன்று, அபராதம் கட்டிவிட்ட காரணத்தால், உரிமத்தின் மீதான நடவடிக்கையிலிருந்து ஒருவர் விடுபட்டுவிட மாட்டார்.

சாலையோரத்தில் பணத்தைக் கட்டி ரசீது வாங்கியதும் 'விவகாரம் முடிந்தது' என்று புறப்பட்டுச் செல்பவர்கள் ஏராளம். சட்டத்தின் கணக்கில் அது முடிவதில்லை.

எந்தக் குற்றங்களுக்கு?

திருத்தத்தில் புதிதாக வந்த 206(4) உட்பிரிவு, குறிப்பிட்ட சில குற்றங்களைச் செய்ததாக நம்புவதற்குக் காரணம் இருந்தால், ஓட்டுநர் உரிமத்தைக் காவல் துறை அதிகாரி கைப்பற்றி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அனுப்பலாம் என்றல்ல, அனுப்ப வேண்டும் என்றே உள்ளது. அதிவேகம் (பிரிவு 183), ஆபத்தான முறையில் ஓட்டுதல் (184), குடிபோதையில் ஓட்டுதல் (185), சாலையில் பந்தயம் (189), பாதுகாப்பற்ற நிலையில் உள்ள வாகனத்தை ஓட்டுதல் (190), இரு சக்கர வாகனத்தில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றுதல் (194-சி), தலைக்கவசம் அணியாமை (194-டி), ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனங்களுக்கு வழிவிடாமை (194-இ) ஆகியவை அந்தக் குற்றங்கள். சிவப்பு விளக்கை மீறுவதும், ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவதும் 184-வது பிரிவின் கீழ் வந்துவிடுகின்றன.

குடித்துவிட்டு லாரி ஓட்டியவரும், தலைக்கவசம் இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குப் போனவரும் ஒரே பட்டியலில் இருப்பது விந்தைதான். இருவருடைய உரிமமும் ஒரே வழியில், ஒரே அதிகாரியின் மேஜைக்குச் செல்கின்றன. தலைக்கவசம் அணியாதவருக்கு 1,000 ரூபாய் அபராதத்துடன் மூன்று மாத தகுதி நீக்கம் என்று 194-டி பிரிவே கூறுகிறது.

இத்தகைய கடுமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்து, 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவித்தது. அந்த ஆண்டு அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழகம்.

கோவை மருத்துவரின் வழக்கு

மூன்று மாத தற்காலிக ரத்து என்ற அளவுகோல் 2019-இல் திடீரென முளைத்ததல்ல. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளில் சிக்குவோரின் நிலை குறித்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கில்தான் 2014 ஏப்ரலில், ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது.

அந்தக் குழு 2015 ஆகஸ்டில் மாநில அரசுகளுக்கு எழுதிய கடிதம், உரிம விவகாரத்தில் ஒரு திருப்புமுனை. அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், கைப்பேசி, குடிபோதை, சரக்கு வாகனத்தில் அதிக பாரம், சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றுதல் ஆகிய ஆறுக்கும் குறைந்தபட்சம் மூன்று மாதங்களுக்கு உரிமத்தைத் தற்காலிகமாக ரத்து செய்யுமாறு குழு அறிவுறுத்தியது. தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் அணியாதவர்களுக்கு அது விதிக்கச் சொன்னது, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத சாலைப் பாதுகாப்பு வகுப்பை மட்டுமே. நான்கு ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் தலைக்கவசக் குற்றத்தையும் மூன்று மாத வரிசையில் சேர்த்தது. அந்த வகையில், நீதிபதி குழுவைவிடச் சட்டம் கண்டிப்பானது.

கைப்பற்றுபவர் வேறு, முடிவெடுப்பவர் வேறு

உரிமத்தைக் கைப்பற்றும் அதிகாரம் காவல் துறைக்கு உண்டு. தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ ரத்து செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை. 19-வது பிரிவின்படி அந்த அதிகாரம் உரிமம் வழங்கும் அதிகாரிக்கே உரியது. தமிழகத்தில் மக்கள் அறிந்த பெயரில் சொன்னால், வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு. நீதிமன்றங்களுக்கும் தனியாக அதிகாரம் உண்டு. அது பற்றிப் பின்னர்.

திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 19(1-ஏ) உட்பிரிவு, காவல் துறை அனுப்பிய உரிமத்தை என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூறுகிறது. அதிகாரி முதலில் ஓட்டுநருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். அதன் பிறகு, அவரை நடவடிக்கையிலிருந்து விடுவிக்கலாம். அல்லது, விரிவான காரணங்களை எழுத்தில் பதிவு செய்து, முதல் குற்றமானால் மூன்று மாத தகுதி நீக்கமும், இரண்டாவது அல்லது அதற்கடுத்த குற்றமானால் உரிமத்தை ரத்து செய்தும் ஆணையிடலாம். ரத்தானவரின் பெயரைப் பொதுவெளியில் அறிவிக்கவும் சட்டம் இடமளிக்கிறது.

'விடுவிக்கலாம்' என்ற சொல்லை ஓட்டுநர்கள் அடிக்கோடிட்டுக் கொள்ள வேண்டும். அறிவிப்பு வந்ததும் 'எப்படியும் மூன்று மாதம்தான்' என்று விசாரணைக்குச் செல்லாமல் இருந்துவிடுபவர், தனக்குச் சட்டம் தந்திருக்கும் முதல் வாய்ப்பை இழக்கிறார். வேகமானியின் பதிவு, படம், ஆம்புலன்ஸுக்கு வழிவிட சிக்னலைத் தாண்ட நேர்ந்தது போன்ற சூழ்நிலை ஆகிய அனைத்தையும் எழுத்தில் கொடுப்பதற்கான இடம் அதுவே. பின்னர் மேல்முறையீடு செய்தாலும், அந்த எழுத்துதான் துணைக்கு வரும்.

இந்த அதிகாரப் பிரிவினை நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டுள்ளது. அதிவேகமாகச் சென்றதாகக் கூறி போக்குவரத்துக் காவல் துறையே ஓர் உரிமத்தைத் தற்காலிகமாக ரத்து செய்த வழக்கில், காவல் துறை கைப்பற்றலாமே தவிர ரத்து செய்ய முடியாது என்று 2022-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது வேறு வகைக் கேள்வி. விபத்தில் உயிரிழப்பு நேர்ந்து, ஓட்டுநர் மீது முதல் தகவல் அறிக்கை பதிவானதும், அதை மட்டுமே காரணமாகக் காட்டி உரிமத்தைத் தற்காலிகமாக ரத்து செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் பலர் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். குற்றம் நிரூபணமாகும் முன் வழக்குப் பதிவை மட்டுமே வைத்து உரிமத்தைப் பறிக்க முடியாது என்று ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் அந்த நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆபத்தான ஓட்டத்தால் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்டால் உரிமத்தை ரத்து செய்ய நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தரும் 22-வது பிரிவு, தண்டனைக்குப் பிறகு என்றே கூறுகிறது. ஏற்கெனவே 184-வது பிரிவின் கீழ் தண்டிக்கப்பட்ட ஒருவர் மீது மீண்டும் அத்தகைய வழக்குப் பதிவானால் மட்டும், 21-வது பிரிவின்படி உரிமம் இடைக்காலமாகச் செயலிழக்கும்; விடுதலையானால் அந்தக் குறிப்பை நீதிமன்றம் நீக்கிவிட வேண்டும்.

மூன்று மாதம் முடிந்தால் போதுமா?

போதாது. தகுதி நீக்கக் காலம் முடிந்ததும் உரிமம் தானாகத் திரும்பிவிடும் என்ற எண்ணம் 2019-க்கு முந்தையது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தால் மட்டுமே உரிமத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இப்போது சட்டம் கூறுகிறது. உரிமம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலோ, மத்திய அரசு அறிவிக்கும் அமைப்பிலோ இந்தப் பயிற்சியைப் பெற வேண்டும். கேரளத்தில், மலப்புரம் மாவட்டம் எடப்பாளில் உள்ள ஓட்டுநர் பயிற்சி ஆய்வு நிறுவனத்துக்கு விதிமீறுபவர்களை அனுப்பும் வழக்கம் உள்ளது.

ஆகவே, தொண்ணூறாம் நாளில் அலுவலகத்துக்குப் போய் நின்று, அதன் பிறகு பயிற்சிக்கு இடம் தேடுபவருக்கு மூன்று மாதம் நான்கு மாதமாகிவிடும். தகுதி நீக்கக் காலத்திலேயே பயிற்சியை முடித்துச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வதே விவேகம். மூன்று மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது, காவல் துறை கைப்பற்றிய நாளிலிருந்தா, ஆணை பிறப்பித்த நாளிலிருந்தா என்பதையும் ஆணையில் தெளிவாக எழுதச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. இன்று உரிமம் என்பது சட்டைப்பையில் இருக்கும் அட்டை மட்டுமல்ல. 'சாரதி' எனப்படும் தேசியக் கணினிப் பதிவில் அதன் நிலை பதிவாகிறது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தின்படி, தகுதி நீக்கமும் ரத்தும் அந்தப் பதிவில் ஏற்றப்பட வேண்டும். அட்டை கைக்கு வந்துவிட்டாலும் பதிவில் தடை நீங்காமல் இருந்தால், அடுத்த வாகனச் சோதனையில் மீண்டும் சிக்கல்தான். அட்டையை வாங்கும்போதே பதிவையும் சரிபார்த்துவிட்டு வெளியே வருவது நல்லது. பழைய காலத்தில் பக்கத்து மாநிலத்துக்குப் போய் வேறொரு உரிமம் வாங்கி வந்தவர்கள் உண்டு. இப்போது அந்த வழி அடைபட்டதோடு, தகுதி நீக்கக் காலத்தில் புதிய உரிமத்துக்கு விண்ணப்பிப்பதே 182-வது பிரிவின் கீழ் குற்றம்.

முப்பது நாள், ஆறு மாதம்

ஆணை தவறானது என்று கருதுபவர், அது கையில் கிடைத்த 30 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். அவருடைய முடிவே இறுதியானது என்கிறது சட்டம். அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யும் வழி மட்டுமே மிஞ்சுகிறது. காரணம் எழுதாத ஆணை, விசாரணைக்கு அழைக்காமல் பிறப்பித்த ஆணை ஆகியவையே மேல்முறையீட்டில் எளிதில் விழுபவை.

மூன்று மாத ரத்துக்கு மேல்முறையீடு செய்து, அது விசாரணைக்கு வரும்போது தண்டனைக் காலமே முடிந்துபோவதும் உண்டு. 'அப்புறம் எதற்கு மேல்முறையீடு?' என்று கேட்கலாம். முதல் ஆணை நிலைத்துவிட்டால், அடுத்த முறை பிடிபடும்போது உரிமம் முற்றாக ரத்தாகும் என்பதே பதில்.

நீண்ட காலத் தகுதி நீக்கம் பெற்றவர்களுக்கு 23-வது பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆணை பிறப்பித்து ஆறு மாதங்கள் கழிந்த பின், அந்த ஆணையை இட்ட அதிகாரியிடமோ நீதிமன்றத்திடமோ தகுதி நீக்கத்தை நீக்கக் கோரி மனு செய்யலாம். எல்லாச் சூழ்நிலைகளையும் கருதி, ஆணையை அவர்கள் நீக்கலாம், மாற்றலாம். மறுத்தால், அடுத்த மனுவுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். 2023 அக்டோபரில் யூடியூப் மூலம் பிரபலமான மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் ஒருவரின் உரிமத்தைக் காஞ்சிபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் பத்தாண்டுகளுக்கு ரத்து செய்தது தமிழகத்தில் பெரிதும் பேசப்பட்டது. பத்தாண்டு என்ற தகுதி நீக்கத்துக்கும் சட்டத்தில் இந்த ஆறு மாத வாய்ப்பு உண்டு என்பது பலர் அறியாதது. மனுவை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்புரிமை.

நீதிமன்றமே விதிக்கும் தகுதி நீக்கம் தனி வகை. குடித்துவிட்டு ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஆறு மாதங்களுக்கு நீதிமன்றம் தகுதி நீக்கம் செய்யும். அந்தத் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்துவிட்ட காரணத்தால் மட்டும் தகுதி நீக்கம் நின்றுவிடாது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தனியாகத் தடை விதிக்க வேண்டும். ஆபத்தாக ஓட்டியவரை, மீண்டும் ஓட்டுநர் தேர்வில் தேறும் வரை ஓட்டக் கூடாது என்றும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

முற்றாக ரத்தானவருக்குத் திரும்பப் பெற உரிமம் என்று எதுவும் இல்லை. பழகுநர் உரிமத்திலிருந்து தொடங்கி, புதியவரைப்போல் தேர்வு எழுதி, வாகனம் ஓட்டிக் காட்ட வேண்டும். இருபது ஆண்டுகள் லாரி ஓட்டியவரும் எட்டு போட்டுக் காட்டும் மைதானத்தில் பதினெட்டு வயதினருடன் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

உரிமத்தில் ஏறிய குற்றக் குறிப்புகளை நீக்கவும் வழி உண்டு. மூன்றாண்டுகள் தொடர்ந்து வேறு குறிப்பு எதுவும் ஏறாமல் இருந்தால், கறையற்ற புதிய உரிமம் பெறும் உரிமை 25-வது பிரிவில் இருக்கிறது. வேக வரம்பை மீறிய குறிப்பு மட்டுமானால் ஓராண்டு போதும்.

ஓட்டிப் பார்த்தால்?

வயிற்றுப்பாட்டுக்காக, இரண்டாவது வகைச் சீட்டை வைத்துக்கொண்டே வண்டி எடுப்பவர்கள் உண்டு. தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2019-க்கு முன் அபராதம் 500 ரூபாயாக இருந்தது. வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் உள்ளது. தகுதி நீக்கம் செய்யப்பட்டவர் ஓட்டியபோது விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுப் பொறுப்பை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டம் இடமளிக்கிறது. 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பின்படி, உரிமையாளர் தெரிந்தோ அலட்சியத்தாலோ நிபந்தனையை மீறினார் என்பதை நிறுவனம் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. இதனால் இறந்தவரின் குடும்பம் தப்பிக்கிறது. ஒற்றை லாரியைக் கடனில் வாங்கி ஓட்டும் உரிமையாளர் பல லட்சங்களுக்குக் கடனாளியாகிறார். ஓட்டுநரும் உரிமையாளரும் ஒருவரே என்றால் கேட்கவே வேண்டாம்.

வெளிமாநிலத்தில் சிக்கினால்

நாமக்கல்லில் இருந்து தில்லிக்குச் சரக்கு ஏற்றி வரும் ஓட்டுநர் ஒருவர், வழியில் வேறொரு மாநிலத்தில் அதிவேகத்துக்காக நிறுத்தப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உரிமத்தைக் கொடுத்துவிட்டுச் சீட்டை வாங்கிய அந்த இடத்தில், சட்டப்படி அவர் லாரியின் இருக்கையிலிருந்து இறங்கிவிட வேண்டும். மாற்று ஓட்டுநர் இருந்தால் பயணம் தொடரும். இல்லாவிட்டால் சரக்குடன் லாரி சாலையோரத்தில் நிற்கும். பிறகு விசாரணை. உரிமம் வழங்கிய அதிகாரி வேறாகவும், அதன் மீது ஆணையிடும் அதிகாரி வேறாகவும் இருக்கலாம் என்பதை 19-வது பிரிவே ஏற்கிறது. ரத்து செய்பவர், வழங்கிய அதிகாரிக்குத் தகவல் தெரிவித்தால் போதும் என்கிறது. மொழி தெரியாத ஊரில், விசாரணைத் தேதிக்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து போகும் செலவு, செலுத்திய அபராதத்தைப் பலமுறை தாண்டிவிடும்.

விசாரணையில் அவர் விடுவிக்கப்பட்டால், உரிமம் திரும்பிவிடும். இடைப்பட்ட நாள்களில் இழந்த கூலிக்கு யாரும் பொறுப்பில்லை. குற்றம் உறுதியாகி அவர் மூன்று மாத தகுதி நீக்கம் பெற்றால், அது எத்தனை நாள் என்பது முன்கூட்டியே தெரியும். குற்றமற்றவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்பது அலுவலகத்தின் கோப்பு நகரும் வேகத்தைப் பொருத்தது. குற்றவாளிக்குக் காலவரம்பு உண்டு. குற்றம் செய்யாதவருக்கு இல்லை என்ற நிலையை நாடாளுமன்றம் எண்ணிப் பார்த்துச் செய்ததாக நம்புவதற்கில்லை.

இதைச் சரிசெய்ய மீண்டும் ஒரு மசோதா கொண்டுவந்து இரு அவைகளையும் கடக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. உரிமம் வழங்கும் அதிகாரிகளின் பணிகளையும், மேல்முறையீட்டை நடத்தும் முறையையும் வகுத்து விதிகள் செய்ய 28-வது பிரிவு மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளிக்கிறது. காவல் துறை எத்தனை நாள்களில் உரிமத்தை அனுப்ப வேண்டும், அதிகாரி எத்தனை நாள்களில் விசாரித்து ஆணையிட வேண்டும், வெளிமாநில ஓட்டுநரின் விளக்கத்தைத் தபாலிலோ அவருடைய சொந்த மாவட்ட அலுவலகத்தின் மூலமோ பெறலாமா என்பவற்றை ஓர் அரசிதழ் அறிவிக்கையில் அடக்கிவிட முடியும். அபராதத்தைக் குறைக்கப் பத்து நாள் மட்டுமே எடுத்துக்கொண்ட மாநிலம், இதற்கும் அதிக நாள் எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.